வாளியின் படம்

உன் வாய்ச்சொண்டு இப்போது எப்படி இருக்கிறது, ராசா? ஞாயிற்றுக்கிழமை என் கைக்காப்புப் பட்டு வெடித்த இடத்துக்குத் தையல் போட வேண்டி வந்ததா, இல்லை தானாகவே மூடிக்கொண்டதா என்று கூட எனக்குத் தெரியாது. போனை எடுக்கிறாய் இல்லை. மெசேஜை நீ பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாய் என்பதை அந்த இரண்டு நீலக் கோடும் காட்டிக் கொடுக்கின்றன. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். வியாழக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய், அதற்கு முன் இதை வாசித்து முடித்துவிட வேண்டும். உன் கொம்பனி ஆட்களுக்கும் வாசித்துக் காட்டு, யாருக்கு வேண்டுமானாலும் காட்டு, எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. உன்னை அடித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். லேப்டொப்பை உடைத்ததற்குக் கேட்க மாட்டேன். இன்னொன்று கொண்டு வந்து அதே படத்தைக் காட்டினாலும் உடைப்பேன்.

உன் வேலையை நான் வெறுக்கிறேன் என்று நினைக்காதே. ஆஸ்பத்திரிகளுக்குத் தமிழ் பேசும் மெஷின் செய்யப் போகிறோம் என்று நீ வந்து நின்ற நாளில், கெயார் ஹோம் ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு குசினி மேசையில் இருந்து உன் மைக்குக்கு முன்னால் வாசித்துத் தள்ளியவள் நான். பிரிட்ஜின் இரைச்சல் கேட்கிறது என்று அதை நிற்பாட்டினாய். பிறகு போட மறந்து, வாங்கி வைத்த மீன் முழுக்க நாறிப் போனது. அதற்குக்கூட நான் ஏசவில்லை. மெஷின் முதன்முதலாக என் குரலில் வாய் திறந்து "கிளினிக் பஸ் பத்து மணிக்கு வரும்" என்றபோது, பஸ்ஸின் 'ப'வைப் பத்தின் 'ப' மாதிரியே சொல்லிவிட்டது. அப்படிச் சொன்னால் இங்கிலீசில் சீழ் என்று அர்த்தம். பத்து மணிக்குச் சீழ் வரும் என்று நோயாளிக்கு அறிவித்தால் எப்படி இருக்கும்? நீயும் நானும் கதிரையில் இருந்து விழாத குறையாகச் சிரித்தோம். உன் அப்பா செத்த பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புக் கேட்டது அன்றைக்குத்தான்.

சிரித்து முடிந்த பிறகு நீ எனக்கு விளங்கப்படுத்தினாய். "பாம்பு எண்டு சொல்லிப் பாருங்கோ அம்மா. முன்னுக்கு வாற 'ப' வேறை, பின்னுக்கு வாற 'பு' வேறை. ஆனா எழுத்து ஒண்டுதான்." சொல்லின் முதலில் வந்தால் தொண்டை அதிராத 'ப', 'ம்' என்ற எழுத்துக்குப் பின்னால் வந்தால் அதிரும் 'ப'. எங்களுக்கு அது பிறந்த நாளில் இருந்து தெரியும், மெஷினுக்கு விதியாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாய். விதிக்கு அடங்காத பஸ் மாதிரிச் சொற்களுக்கு முன்னும் பின்னும் கோண அடைப்புக்குறி போட்டு, இந்தச் சொல்லை இப்படிச் சொல்லு என்று ஒவ்வொன்றாகக் கையால் எழுதி வைக்க வேண்டும் என்றாய். கொடியில் காயப்போட்ட உடுப்புக்குக் கிளிப் குத்தியது மாதிரி, திரையில் சொல்லுக்குச் சொல் அந்தக் குறிகள். எனக்கு நல்லாய்ப் பிடித்தது. பிறகு நீ என் கையைப் பிடித்து விரலை என் தொண்டையிலேயே வைத்து, "இப்ப சொல்லுங்கோ, அதிருதா?" என்று கேட்டாய். நான் எழும்பி மேலே போய்விட்டேன். வயிற்று வலி என்றேன். அது வயிற்று வலி இல்லை.

உனக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறதா தெரியாது. ஆறு வயதில் ஜேர்மனியில் இருந்து லண்டனுக்கு வந்து செவன் கிங்ஸ் பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்தோம். தண்ணீருக்கு இங்கிலீசில் உள்ள சொல்லை நீ மேல்பல் கீழ்ச்சொண்டில் பட, அசல் ஜேர்மன்காரன் மாதிரிச் சொல்வாய். உன் வகுப்பில் ஒரு பெடியன் நீ தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறான். ஒரு நாள் நீ இரும்புப் போத்தலால் அவன் வாயில் போட்டாய். முன்பல் இரண்டும் போய்விட்டன. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அகப்பைக்காம்பு முறியும் வரைக்கும் உனக்கு அடித்தேன். அதோடு விட்டேனா? குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் உன்னை நிறுத்தி, சொண்டைக் குவி, பல்லைப் படவிடாதே, இன்னொருக்கால் சொல்லு, இன்னொருக்கால் சொல்லு என்று அழ அழச் சொல்ல வைத்தேன். கொஞ்ச நாளில் நீ டிவிக்காரன் மாதிரிப் பேசப் பழகிவிட்டாய். நான் ஏன் அப்படி வெறிபிடித்தவள் போல நின்றேன் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடித்ததைவிட, சொல்லாமல் விட்டதுதான் பெரிய பிழை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். உனக்குப் பதவி உயர்வு, வியாழக்கிழமை புது மெஷினை ஒரு நாட்டின் அகதி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்து அங்கேயே ஆறு மாதம் நிற்கப் போகிறாய் என்று வந்தாய். எந்த நாடு என்று சொல்லக் கூடாதாம். சரி, நான் கேட்கவில்லை. நண்டு வாங்கி வைத்திருந்தேன், மேல் அறையில் வாடகைக்கு இருக்கிற வதனி எனக்குத் துணையாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். நீ லேப்டொப்பை மேசையில் விரித்து, "சும்மா ஒரு டெமோ, அம்மா. படத்தைப் பாத்து என்னெண்டு சொல்லுங்கோ" என்றாய். வாசிக்கக் கொடுத்தால் ஆட்கள் பள்ளிக்கூடத் தமிழில் வாசிப்பார்கள், படம் காட்டினால்தான் வீட்டுத் தமிழ் வெளியே வரும் என்று வேறு சொன்னாய். குடை வந்தது, சொன்னேன். நாற்காலி வந்தது, கதிரை என்றேன். திரையில் பச்சை பச்சையாகக் கோடு ஏறியது. யாழ்ப்பாணம் என்று மெஷின் கண்டுபிடித்துவிட்டதாம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பார்.

பிறகு நீ வதனியைக் கூப்பிட்டாய். அவள் கையில் மஞ்சளோடு வந்து நின்றாள். திரையில் ஒரு நீல வாளியின் படம் வந்தது. பின்னால் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. மெஷின் அவளிடம், "இது என்ன?" என்று கேட்டது. கேட்டது என் குரல். ஆஸ்பத்திரிக்கு என்று நீ பதிந்துகொண்டு போன என் குரல். அவள் "பக்கெட்" என்றாள். கோடு சிவப்பாக ஏறியது. அவள் மன்னாரில் பிறந்து, கைக்குழந்தையாக வள்ளத்தில் போய், தமிழ்நாட்டில் அகதி முகாமில் வளர்ந்தவள் என்று உனக்குத் தெரியும். ஆமா என்றுதான் சொல்லுவாள், வர்றேன் என்றுதான் சொல்லுவாள். வேறு எப்படிச் சொல்லுவாள்? "அப்போ நான் பொய் சொல்றேனா அண்ணா?" என்று கேட்டாள். அடுத்த மாதம் அகதி விண்ணப்பத்துக்கு இன்டர்வியூ இருக்கிறவள் கேட்கிற கேள்வி அது. நீ திரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லை, இல்லை, இது மொடல் சொல்லுறது. இந்தியன் ஆக்கள் வந்து நாங்கள் சிலோன் எண்டு சொல்லினம் எல்லோ, அவையைப் பிடிக்கத்தான். ஜெனுயின் ஆக்களுக்கு இது ஹெல்ப்" என்றாய்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். நீ நிறுத்தவில்லை. என்னைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தாயோ என்னவோ. "அம்மா, ஒரு விசயம் தெரியுமோ? எங்கட வாளியும் சிங்களவற்ற வாளியும் ஒரே சொல்லு. ரெண்டும் போர்த்துக்கீசரிட்ட இருந்து வந்தது. அவை முன்னுக்கு அதிருற 'ப' போட்டு 'பால்திய' எண்டு சொல்லுவினம். எங்கட ஆக்களின்ர நாக்குக்கு முன்னுக்கு அது வராது, 'வ' ஆயிடும். வாங்கு, வாளி எல்லாம் அப்பிடித்தான். இதை ஒரு விதியா மொடலுக்குள்ள போட்டிருக்கிறன்" என்றாய். என்ன அழகாகச் சொன்னாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். லேப்டொப்பைத் தூக்கி சிங்க்கின் விளிம்பில் போட்டேன், முதல் அடியிலேயே இரண்டாக மடிந்தது, பிறகும் அடித்தேன். நீ என் கையைப் பிடித்தாய், மற்றக் கையால் உன் முகத்தில் அறைந்தேன். நண்டுக்கறிச் சட்டி அடுப்பில் இருந்து சரிந்து நிலமெல்லாம் ஓடியது. வதனி என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கத்தினாள். நீ சொண்டில் இரத்தம் வழிய, அதிலும் ஒரு சிரிப்போடு, "அது லேப்டொப் மட்டும்தான் அம்மா, எல்லாம் கிளவுட்டில இருக்கு. உங்களுக்கு விசர்" என்று சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாய். ஓம், விசர்தான், பைத்தியம்தான். எப்போது பிடித்தது என்று சொல்கிறேன்.

சுவரில் தொங்குகிற குகன் மாமாவின் படத்தை நீ பிறந்ததில் இருந்து பார்க்கிறாய். கலவரத்தில் செத்தவர் என்று மட்டும்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்குப் பதினொரு வயது, என் அண்ணை குகனுக்குப் பதினெட்டு. கொழும்பில் உன் தாத்தா, எங்கள் ஐயா, வேலை செய்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் எங்கள் வீடு. நான் அங்கேயே வளர்ந்தவள், பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி எனக்கு எல்லாச் சத்தமும் வரும். அண்ணை யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கடைகள் எரியத் தொடங்கியதும் நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே கிடந்தோம். சந்தியில் ஆட்களை மறித்து வாளியைக் காட்டி இது என்ன என்று கேட்கிறார்களாம், 'வ' போட்டுச் சொன்னால் வெட்டுகிறார்களாம் என்று செய்தி வந்தது. நான் அண்ணையை இருத்தி வைத்து வாத்திச்சி ஆகினேன். அவன் விரலைப் பிடித்து அவன் தொண்டையில் வைத்து, அதிர வேணும், அதிர வேணும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

பாவி, அவன் அதை விளையாட்டாக எடுத்தான். "எடியேய், ஒரு வாளிக்கு இவ்வளவு படிப்போ?" என்று கேட்டான். ஆனால் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டதும் என்னைச் சிரிக்க வைக்கப் பல்லி, பப்பாசி, படலை என்று வாயில் வந்த எல்லாச் சொல்லின் முதல் 'ப'வையும் அதிர வைத்துச் சொன்னான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா, சத்தம் வெளியே கேட்டுவிடும் என்று. இந்தக் கடிதத்தில் அந்தச் சத்தத்தை உனக்கு எழுதிக் காட்டக்கூட எனக்கு எழுத்து இல்லை. எப்படி எழுதினாலும் 'ப'தான் வருகிறது. உன் கோண அடைப்புக்குறி இருந்தால் போட்டிருப்பேன்.

வீட்டில் சாப்பாட்டுச் சாமான் முடிந்தது. ஊரடங்கைத் தளர்த்திவிட்டார்கள், அடுத்த ஒழுங்கைப் பேக்கரியில் பாண் கிடைக்கிறது என்றார்கள். சின்னப் பிள்ளையோடு போனால் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணை வெளிக்கிட்டான். திருப்பத்தில் ஐந்தாறு பேர் நின்றார்கள். ஒருவன் கையில் இரும்புக் குழாய், ஒருவன் கையில் தகர வாளி. வாளிக்காரன் அதைத் தூக்கி அண்ணையின் முகத்துக்கு நேரே பிடித்து, சிங்களத்தில், இது என்ன என்று கேட்டான். அண்ணை சொன்னான். நான் சொல்லிக் கொடுத்தபடி, சிங்களத்தி பெற்ற பிள்ளை மாதிரிச் சொன்னான். அவர்கள் வழி விட்டார்கள். எனக்கு மூச்சு வந்தது. நாலு அடி வைத்திருப்போம். பின்னால் இருந்து ஒருவன், கோபமாகக்கூட இல்லை, சும்மா, எங்கே போகிறாய் என்று கேட்டான். அண்ணை சந்தோசத்தில் திரும்பி, பாண் வாங்கப் போகிறேன் என்று சிங்களத்தில் சொன்னான்.

பாண் எங்களுக்கும் பாண், அவர்களுக்கும் பாண். முன்னுக்கு அதிராத 'ப'. பிறந்ததில் இருந்து அவன் சரியாகச் சொன்ன சொல். அன்றைக்கு அதை அதிர வைத்துச் சொன்னான். நான் பழக்கிய நாக்கு அது, பயத்தில் எல்லாவற்றையும் ஒரே மாதிரித் திருத்தியது. சிங்களவன் ஒருவனும் பாணை அப்படிச் சொல்ல மாட்டான். அவர்கள் முதலில் சிரித்தார்கள். முதல் அடி வாயில் விழுந்தது, பல் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு முழங்கால். விழுந்த பிறகு தலை. ஒரு வீட்டுப் படலை திறந்து, ஒரு சிங்களப் பெண் என் பின்னலைப் பிடித்து உள்ளே இழுத்துத் தன் சீலைக்குள் என் முகத்தை அமத்திக்கொண்டா. அண்ணை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே இல்லை. தமிழ்ப் பெயர், கூப்பிட்டால் நானும் அகப்படுவேன் என்று அந்த அடிக்குள்ளும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தகர வாளிக்குள் இருந்தது பெற்றோல். இதற்குமேல் எழுத மாட்டேன். இன்றைக்கும் பெற்றோல் நிலையத்துக்குப் பக்கத்தால் போனால் அந்த மணத்துக்கு எனக்குக் குமட்டிச் சத்தி வரும், நீ கேலி செய்வாயே, அது இதனால்தான்.

இதைக் கேட்டு நீ என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும். மெஷின் ஒருத்தரையும் அடிக்காது அம்மா, அது ஒரு கணக்கு மட்டும்தான், கடைசி முடிவை மனிசர்தான் எடுப்பினம் என்பாய். ராசா, அந்த ஒழுங்கையில் நின்றவர்களும் மனிசர்தான். அவர்களிடமும் ஒரு விதி இருந்தது, உன்னுடைய அதே விதி, முன்னுக்கு 'வ' வந்தால் தமிழன். விதி பிழை இல்லை. நீ எழுதியதும் பிழை இல்லை, நல்ல கெட்டிக்காரத்தனமாகத்தான் எழுதியிருக்கிறாய். அந்த விதியை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்றுதான் கேட்கிறேன். அன்றைக்கு வாளி என்று சொல்கிறவனைக் கொன்றார்கள். இன்றைக்கு வாளி என்று சொல்லாதவளைக் கொல்லக் கொடுப்பார்கள், கையில் இரும்புக் குழாய் இல்லாமல், சுத்தமான மேசையில் இருந்து, விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பி. நடுவில் என் குரல் நின்று, இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கும். நான் சாவதற்கு முன் என் குரல் அந்த வேலைக்குப் போகக் கூடாது. அதை எடுத்துவிடு. ஆஸ்பத்திரியில் இருக்கட்டும், எந்தக் கிழவிக்கும் பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லட்டும். இந்த மெஷினை வியாழக்கிழமை நீ கொண்டுபோய்க் கொடுக்காதே. வேலை போனால் போகட்டும், உனக்கு இரண்டு கை இருக்கிறது, எனக்கு இன்னும் ஷிப்ட் இருக்கிறது.

நாக்கு ஓடித் திரிகிற ஆளோடுதான் ஓடும். உன்னுடையது ஜேர்மனியில் இருந்து வந்தது, என்னுடையது கொழும்பில் இருந்து வந்தது, வதனியுடையது முகாமில் இருந்து வந்தது. கடலில் தப்பி ஓடினவளிடம் போய், நீ ஓடாமல் நின்ற ஆள் மாதிரிப் பேசிக் காட்டு என்று எப்படிக் கேட்பாய்? உன்னைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி நான் அதைத்தான் கேட்டேன். எனக்குப் பயம். உனக்கு என்ன பயம்?

நீ போன நாளில் இருந்து வதனி சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் மெஷின் எந்த நாட்டுக்கோ போகிறது, இங்கே இல்லை, அவளுடைய இன்டர்வியூவில் ஆட்கள்தான் கேட்பார்கள் என்று நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். "இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு வரும்ல" என்கிறாள். "எனக்கும் சொல்லித் தாங்க, அன்ரி. உங்கள மாதிரிப் பேச" என்று கேட்டாள். மாட்டேன் என்றேன், கொஞ்சம் பலமாகவே கத்திவிட்டேன். அவள் தானாகவே தொடங்கிவிட்டாள். மேலே அறையில் ஆமாவுக்குப் பதிலாக ஓம், ஓம், ஓம் என்று கேட்கிறது. நீ மேசையில் சொன்ன விதியையும் பாடமாக்கி வைத்திருக்கிறாள், யாழ்ப்பாணத்தாருக்கு முன்னுக்கு 'ப' வராது, 'வ'தான் வரும் என்று. எந்த 'ப' என்று அவளுக்கு யார் சொன்னது?

இன்று காலையில் குசினிக்குள் போனேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேத்தலுக்கு முன்னால் நின்றாள், ஒரு கை தொண்டையில். நான் வந்தது கேட்டுத் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக யோசித்து, சிரித்த முகத்தோடு, "அன்ரி, தேத்தண்ணிக்கு வால் விடவோ?" என்று கேட்டாள்.

பால், ராசா. பாலைத்தான் சொன்னாள். வேறு ஒரு நாள் என்றால் சீழ் வந்த நாள் மாதிரிச் சிரித்திருப்பேன். அவள் பின்னால் சிங்க்கில் நண்டுக்கறியைத் துடைக்க எடுத்த எங்கள் வீட்டு நீல வாளி இருந்தது. நான் அவள் கையைத் தொண்டையில் இருந்து பிடித்து எடுத்துவிட்டேன். பால் என்றே சொல்லு பிள்ளை, பக்கெட் என்றே சொல்லு என்றேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை. என் சொல்லை அவள் எப்படி நம்புவாள், எனக்குத்தான் பச்சைக் கோடு விழுந்ததே. வியாழக்கிழமைக்கு முன் வீட்டுக்கு வா. மெஷினைச் செய்தவன் நீ, நீ வந்து அவளுக்கு முன்னால் நின்று சொல்லு, பாலைப் பால் என்று சொன்னால் ஒருவரும் உன்னைக் கொல்ல மாட்டார்கள் என்று. அதைப் பொய்யில்லாமல் சொல்ல உனக்கு ஏலுமென்றால் மட்டும் விமானம் ஏறு.

அம்மா